பதினைந்தடி தள்ளி

கோபிகிருஷ்ணன் அந்த வாரம் தினமும் ஒரு புது ஆளோடு பேச வேண்டும். திருப்பதியில் தாட்சாயணி மேடம் கொடுத்த வீட்டுப்பாடம் அது.

அவனுக்குப் பதினேழு வயது. நைனாவைவிட நாலு விரல் உயரம். மீசை அரும்பிவிட்டது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது அவனிடம் பேச்சே கிடையாது. இப்போது பேசுவான், தேவைக்கு மட்டும். ஆனால் ஒரு விஷயத்தை ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும், பிசகவே மாட்டான். காலையில் ஆறு மணிக்குக் குளிக்க வேண்டும் என்று எப்போதோ சொன்னதற்காக, நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலிலும் எழுந்துபோய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டவன்.

ஊர் ஆந்திரா, வீட்டில் பேச்சு தமிழ். அவன் அம்மா காஞ்சனா புத்தூரில் ஒரு நெட் சென்டரில் வேலை பார்த்தாள். ஊனமுற்றோர் பென்ஷன், சாதிச் சான்றிதழ், காலேஜ் அட்மிஷன் என்று வருகிறவர்களுக்குத் தெலுங்கில் விண்ணப்பம் நிரப்பித் தருகிற வேலை. சனிக்கிழமைகளில் மட்டும் லீவு சொல்லிவிட்டு, வடமாலபேட்டையிலிருந்து பஸ் ஏறி மகனைத் திருப்பதிக்குக் கூட்டிப்போவாள். அங்கே ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, தாட்சாயணி ஐந்து பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினாள். எப்படி ஒருவரை அழைப்பது, எவ்வளவு தள்ளி நிற்பது, எப்போது வாயை மூடுவது என்று, மற்றப் பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடுகிற காரியங்களையெல்லாம் அங்கே படிப்படியாகப் பிரித்துக் கற்றுக்கொடுத்தார்கள்.

புது ஆளோடு பேசுவதற்கு ஐந்து ஸ்டெப். ஒரு கை தூரத்தில் நிற்க வேண்டும். சிரிக்க வேண்டும். நமஸ்தே சொல்லித் தன் பேரைச் சொல்ல வேண்டும். அவர்கள் பேரையும், படிக்கிறவர்களாக இருந்தால் வகுப்பையும் கேட்க வேண்டும். ஐந்தாவது ஸ்டெப்பைக் கோபிக்காகவே மேடம் சேர்த்தாள். பேச்சை எங்கே முடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்டு முடித்த பிறகும் எதிரில் அப்படியே நின்றுகொண்டிருப்பான். அதனால், பாக்கெட்டில் ஒரு சாக்லெட் வைத்துக்கொள், அதைக் கொடுத்து "இதி நீகு", இது உனக்கு, என்று சொல், பாய் சொல்லிவிட்டு வந்துவிடு என்றாள். அது அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அறையில் அக்ஷயா என்கிற பதினைந்து வயதுப் பெண்ணோடு ஒன்பது முறை செய்து பார்த்தார்கள். ஒன்பது சாக்லெட்டையும் அவள் தின்றுவிட்டாள்.

"பேரன்ட்ஸ் பக்கத்துல நிக்காதீங்க," என்று மேடம் அம்மாக்களிடம் சொன்னாள். அவளுடைய தமிழ் தெலுங்கு வாடையோடு இருக்கும். "பதினஞ்சு அடி தள்ளி நில்லுங்க. நடுவுல பேசாதீங்க. நீங்க பேசினா அவங்க பேசமாட்டாங்க. தப்பு பண்ணாலும் பரவால்ல, வுட்ருங்க."

காஞ்சனா அப்படியே செய்தாள். முதல் நாள் டீக்கடைக்காரர். அடுத்த நாள் பஸ் கண்டக்டர். பிறகு ஆடு மேய்க்கிற ஒரு அம்மா. வியாழக்கிழமை பேங்க் வாட்ச்மேன். அவர் சாக்லெட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கோபிக்கு ஒரு சல்யூட் வைத்தார். அன்று சாயங்காலம் அவள் புருஷன் நரசிம்மனிடம் அதைச் சொன்னபோது தானும் ஒரு சல்யூட் வைத்துக் காட்டினாள். நரசிம்மன் ஒரு தனியார் பள்ளியின் பஸ் ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். "சல்யூட்டா வெச்சாரு?" என்று இரண்டு முறை கேட்டான்.

வடமாலபேட்டையில் கோபியை எல்லோருக்கும் தெரியும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை, வெதுருகுப்பத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே ஒரு ஊரில், அவள் சித்தி மகள் கன்னிகாவின் வீட்டுக் கிருகப்பிரவேசம். நரசிம்மனுக்கு டிரிப் இருந்ததால் அம்மாவும் மகனும் மட்டும் போனார்கள். காலைப் பூஜை வரைக்கும் கோபி ஒழுங்காக இருந்தான். சாப்பாட்டு நேரத்தில் பந்தலில் ஸ்பீக்கரைத் திறந்துவிட்டார்கள். அவன் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியதும், காஞ்சனா எழுந்தாள்.

"கொஞ்சம் வெளிய நடந்துட்டு வரோம், கன்னிகா."

"வெய்யிலா கீதுக்கா. துன்னுட்டு போயேன்."

"வந்து துன்றோம்."

மூன்று தெரு தள்ளி வந்ததும் சத்தம் குறைந்தது. கோபி கையைக் காதிலிருந்து எடுத்தான். மத்தியான வெயிலில் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. அவன் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னான்:

"அம்மா, இன்னைக்கு புது ஆளு பேசல."

"சாயங்காலம் பேசலாம்டா."

"இன்னைக்கு பேசல," என்றான் மறுபடியும். அப்படி இரண்டாம் முறை சொன்னானென்றால் அது முடிகிறவரை விடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அங்கன்வாடிக் கட்டடத்துக்கு எதிரில் ஒரு அடிபம்பு இருந்தது. அதன் மேடையில் நாலைந்து வயதுச் சிறுமி ஒருத்தி தனியாக உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். கோபி அவளைப் பார்த்து நடந்தான்.

காஞ்சனாவின் கால் தானாக நின்றது. பதினைந்தடி. சின்னப் பிள்ளையாயிற்றே என்று மனதில் ஏதோ நெருடியது. கூப்பிடலாமா என்று நினைத்தாள். நடுவில் பேசாதே என்று மேடம் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அவன் ஒரு கை தூரத்தில், அளந்து வைத்ததுபோல் நின்றான். சிரித்தான்.

"நமஸ்தே. நா பேரு கோபிகிருஷ்ணன். நீ பேரு ஏமிட்டி?"

சிறுமி ஏதோ சொன்னாள்.

"நுவ்வு ஏ க்ளாஸ்?"

நேற்றைவிடத் தெளிவாகச் சொல்கிறான் என்று காஞ்சனா சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தை நினைத்து நினைத்துப் பிற்பாடு அவள் கூசிப்போனாள். கோபி பாக்கெட்டில் கைவிட்டுச் சாக்லெட்டை எடுத்து நீட்டினான். "இதி நீகு."

எதிர்வீட்டு வாசலிலிருந்து ஒரு பெண் அலறினாள்.

பத்து நாட்களாக அந்தப் பக்கத்து மண்டலங்களில் ஒரு வாட்ஸ்அப் ஆடியோ சுற்றிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது, நல்ல சட்டை போட்டிருப்பார்கள், சாக்லெட் கொடுப்பார்கள், பெண்களும் கூட வருவார்கள் என்று. காஞ்சனாவின் நெட் சென்டரிலும் அதைப் போட்டுக் கேட்டார்கள். அவள் காதில் விழுந்தது; மனதில் நிற்கவில்லை.

அலறிய பெண் பாத்திரம் தேய்த்த கையோடு ஓடிவந்து குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். கோபி அவளைப் பார்த்தான். அவளும் புது ஆள். "நமஸ்தே," என்று ஆரம்பித்தான். அதற்குள் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கினவன் கோபியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"எவருரா நுவ்வு? ஏ ஊரு?"

கோபி சிரித்தபடியே இருந்தான். சிரிக்க வேண்டும் என்பது இரண்டாவது ஸ்டெப். எப்போது நிறுத்த வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"சிரிக்கிறான் பாரு, திமிரு," என்று தெலுங்கில் ஒருவன் சொன்னான். எங்கிருந்துதான் வந்தார்களோ, ஐந்து பேர், பத்துப் பேர், பிறகு எண்ண முடியவில்லை.

காஞ்சனா ஓடினாள். பதினைந்தடியைக் கடப்பதற்குள் அவளுக்கு முன்னால் முதுகுகள் சுவராக நின்றுவிட்டன. "வுடுங்க, அவன் என் புள்ள, அவன் ஒண்ணும் பண்ணல, வுடுங்க!" என்று கத்தினாள். காலையிலிருந்து மாலை வரை தெலுங்கிலேயே எழுதுகிறவள். அந்த நேரத்தில் ஒரு தெலுங்குச் சொல்கூட வாயில் வரவில்லை.

"அரவம் மாட்லாடுதுந்தி!" தமிழ் பேசுகிறாள் என்று யாரோ ஒருவன் கூவினான். "அரவவாள்ளே! பொம்பளையும் கூட வந்திருக்கிறா!"

சுவர் அவள் பக்கம் திரும்பியது.

முதல் அறை கோபியின் கன்னத்தில் விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அவன் குரல். அது அழுகை இல்லை, பேச்சும் இல்லை. தொண்டையிலிருந்து நீளமாக, ஒரே சுருதியில் வருகிற சத்தம். தாங்க முடியாதபோது மட்டும் அவன் போடுவது. தன் மணிக்கட்டைத் தானே கடித்தான். நெற்றியில் அடித்துக்கொண்டான். கஞ்சா போட்டிருக்கிறான் என்றார்கள். நடிக்கிறான் என்றார்கள். தன் தோளிலிருந்த துண்டை உருவி அவன் கைகளைப் பம்பு கம்பத்தோடு சேர்த்துக் கட்டினான் ஒருவன். இரண்டு மூன்று போன்கள் தலைக்கு மேலே உயர்ந்து படம் பிடித்தன.

அவள் போனில் கோபியின் ஊனச் சான்றிதழ் படம் இருந்தது. அதைக் காட்டிவிட்டால் போதும் என்று நினைத்தாள். ஐந்து முறை பேட்டர்ன் தப்பாகிப் போன் பூட்டிக்கொண்டது. ஆட்களைக் கூப்பிடப் பார்க்கிறாள் என்று ஒருவன் அதைப் பிடுங்கிக்கொண்டான்.

அப்போதுதான் ஒரு கையில் கல் இருப்பதைப் பார்த்தாள். பெரிய கல் இல்லை. தேங்காய் மூடி அளவு. அதை வைத்திருந்தவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவன் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. பயந்தவன் கையில் கல் இருக்கிறது.

குனிந்து, கால்களுக்கு நடுவில் புகுந்து, எப்படியோ மகனிடம் போய்ச் சேர்ந்தாள். அவனுக்கு முன்னால் நின்று, கம்பத்தையும் அவனையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். இறுக்கிப் பிடித்தால் அவனுக்குக் கொஞ்சம் அடங்கும். தோளில் ஏதோ விழுந்தது. முடியைப் பிடித்து இழுத்தார்கள். அவள் விடவில்லை. அவன் நெஞ்சு அவள் காதுக்குள் அடித்துக்கொண்டது. அவன் கால்சட்டை நனைந்து அவள் புடவையிலும் சூடாக ஈரம் பட்டது.

அங்கன்வாடியிலிருந்து வெளியே வந்தவள் பேர் வெங்கடம்மா. பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிற ஆயாம்மா. பருத்த உடம்பு, கையில் கரண்டி. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். அவளுக்குக் கோபியையும் தெரியாது, காஞ்சனாவையும் தெரியாது. நேராகக் குழந்தையிடம் போனாள்.

"அவன் உன்னைத் தொட்டானா?" என்று தெலுங்கில் கேட்டாள்.

குழந்தை இல்லை என்று தலையாட்டியது.

"வா என்று கூப்பிட்டானா?"

"பேரு கேட்டான். க்ளாஸ் கேட்டான்." குழந்தை கையைத் திறந்து காட்டியது. "சாக்லெட் கொடுத்தான்."

"இதை உங்கள்ல ஒருத்தன் கேட்டீங்களாடா?" என்று வெங்கடம்மா கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். பிறகு காஞ்சனாவின் முகத்தருகே குனிந்தாள். "யாரு வீட்டுக்கு வந்தே?"

"கன்னிகா," என்றாள் காஞ்சனா. கன்னிகாவின் புருஷன் பேரையும் சொன்னாள், அவர்கள் புது வீடு என்று. "புது இல்லு. சீனு வாள்ள இல்லு."

"பொய் சொல்றா. பந்தலைப் பார்த்துட்டுப் பேரைக் கேட்டுக்கினு வந்திருப்பா," என்றான் பைக்கில் வந்தவன்.

"சீனு வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் எவனாவது கை வெச்சா, இந்தக் கரண்டிதான்."

ஒரு பையனை ஓடச் சொன்னார்கள். அவன் திரும்பி வரப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் காஞ்சனாவால் பிற்பாடு யாரிடமும் சொல்ல முடியவில்லை. அடி விழவில்லை. யாரும் கலையவும் இல்லை. எல்லோரும் நின்றார்கள். கல் வைத்திருந்தவன் அதைக் கீழே போடவில்லை; ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தான். சீனு ஊரில் இல்லையென்றால்? சாமான் வாங்க வெதுருகுப்பம் போயிருந்தால்? கோபி சத்தத்தை நிறுத்திவிட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். காதை வைத்துக் கேட்டாள். ஐந்து ஸ்டெப்களையும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

சீனு பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். நெற்றியில் பூஜைக் குங்குமம் வியர்வையில் வழிந்திருந்தது. "ரேய், அது எங்க அக்காடா! அந்தப் பையனுக்கு மனசு வேற மாதிரிடா!" என்று அழுகிற குரலில் கத்தினான். அவனை எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். துண்டை அவிழ்த்தவன் அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். போனைக் கொண்டுவந்து கொடுத்தவன், "காலம் அப்படி இருக்குதுக்கா. ஜாக்கிரதையா இருக்கணும் இல்ல?" என்றான்.

சீனு அவர்களைக் காரில் வீட்டில் கொண்டுவந்து விட்டான். வீட்டில் இறங்கி, குளித்து, சட்டை மாற்றி, கட்டிலில் உட்கார்ந்த பிறகு கோபி கேட்டான்.

"அம்மா. எந்த ஸ்டெப் தப்பு?"

அவள் அவன் ஈரத் தலையைத் துவட்டினாள்.

"ஒரு கை தூரம் நின்னேன். சிரிச்சேன். நமஸ்தே சொன்னேன். எந்த ஸ்டெப் தப்பு?"

அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை வகுப்பு இல்லை என்று மேடம் முன்பே சொல்லியிருந்தாள். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அவன் அதையே கேட்டான். சோறு பிசைந்து வைத்தால் கேட்பான். பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது வாயில் நுரையோடு கேட்பான். "ஒண்ணும் தப்பில்லடா" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளவில்லை. தப்பில்லாவிட்டால் ஏன் அடித்தார்கள்?

திங்கட்கிழமை நரசிம்மன் வேலையிலிருந்து சீக்கிரமே வந்தான். சட்டை நனைந்திருந்தது. கதவைத் தாழிட்டுவிட்டுப் போனை அவளிடம் நீட்டினான். அவர்கள் டிரைவர் குரூப்பில் வந்திருந்தது. பிள்ளை பிடிக்கிறவன் சிக்கினான் என்று தெலுங்கில் தலைப்பு. கம்பத்தில் கட்டின கோபி. அவன் முகம் தெளிவாகத் தெரிந்தது. அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"நகரி வரைக்கும் போயிருக்குது. ஏர்பேட்டுல ஒருத்தன் எனக்கே அனுப்பறான், ஜாக்கிரதைனு," என்றான் நரசிம்மன். "இனிமே அவன் வாசல் தாண்டக் கூடாது. கிளாசும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

காஞ்சனாவுக்கும் அதுதான் சரி என்று பட்டது. தெருவில் பைக் நின்றாலே ஜன்னல்களைச் சாத்தினாள். வேலைக்குப் போவதை நிறுத்தினாள். குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, கோபியைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள், "அந்தப் பொண்ணு பக்கத்துல இவன் ஏன் போனான்?" என்று மெதுவாகக் கேட்டாள். காஞ்சனா குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கோபி ஷூ மாட்டி, பையை எடுத்துக்கொண்டு, சாத்தின கதவுக்கு முன்னால் நின்றான். நரசிம்மன் முடியாது என்றான். கோபி மத்தியானம் வரை நின்றான். அடுத்த சனிக்கிழமையும் நின்றான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தாட்சாயணி மேடம் வந்தாள். காஞ்சனா போனை எடுக்காததால் விலாசம் விசாரித்துக்கொண்டு தனியாக வந்திருந்தாள். முப்பது வயதைத் தாண்டாத ஒல்லியான பெண். நரசிம்மன் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"இன்னும் இன்னா கத்துக்குடுக்க வந்தீங்க?" என்றான்.

அவள் நின்றபடியே பேசினாள். "எல்லா பிள்ளைங்களுக்கும் நான் அந்த ஹோம்வொர்க்தான் கொடுத்தேன். வீடியோ பார்த்த அன்னிக்கே எல்லா வீட்டுக்கும் போன் பண்ணி நிறுத்திட்டேன். எனக்கும் தூக்கம் இல்ல சார்." கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "முன்னால போறதுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தேன். யார்கிட்ட போகக்கூடாது, யாராவது கை வெச்சா என்ன சொல்றது, எதுவும் சொல்லிக்கொடுக்கல. என் தப்பு."

கோபி உள்ளேயிருந்து வந்து அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றான். "மேடம். எந்த ஸ்டெப் தப்பு?"

"நீ பண்ணது எதுவும் தப்பில்ல, கோபி. நான்தான் ஒரு ஸ்டெப் விட்டுட்டேன். சின்னப் பிள்ளைங்க தனியா இருந்தா நாம பேசக் கூடாது. அவங்க அம்மா நைனா கூட இருக்கணும்."

"சின்னப் பிள்ளைன்னா எத்தனை வயசு?"

"பத்து. பத்துக்குக் கீழ."

"பத்து ஆயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

மேடம் கைக்குட்டையை மறுபடியும் சுருட்டினாள். காஞ்சனா அவள் முகத்தைப் பார்த்தாள். இவளுக்கும் தெரியாது என்று புரிந்தது. பத்து ஸ்டெப் சொன்னாலும் நூறு ஸ்டெப் சொன்னாலும் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அந்த இடத்தில் யாராவது கல்லோடு நிற்பார்கள். இதை நினைத்தபோது வந்த பயம் அந்தப் பம்பு மேடையில் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் கோபி பல நாட்களுக்குப் பிறகு நிமிர்ந்து நின்றான். ஒரு ஸ்டெப் விட்டுப்போயிருந்தது என்பது அவனுக்குப் போதுமான பதிலாக இருந்தது. "விட்டுட்டீங்க," என்றான் கண்டிப்பாக.

"ஆமா. விட்டுட்டேன்."

அதற்கடுத்த சனிக்கிழமை அவன் ஷூ மாட்டி நின்றபோது, நரசிம்மன் குனிந்து அவன் ஷூ லேஸை இறுக்கிவிட்டான். பிறகு தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, "மொகத்துல மாஸ்க் போட்டு இட்டுகினு போ," என்றான் காஞ்சனாவிடம்.

பஸ்ஸில் கோபி ஐந்து நிமிடம்கூட மாஸ்க்கை வைத்துக்கொள்ளவில்லை. காஞ்சனா அவனை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து மறைத்துக்கொண்டாள். அப்படியும் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள், தலை நரைத்தவர், மடியில் துணிப்பை, கோபியைப் பார்த்தார். போனை எடுத்தார். எதையோ தேடி, பார்த்து, மறுபடியும் கோபியைப் பார்த்தார். பிறகு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பக்கம் வந்தார்.

பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தார்கள். கதவு தூரத்தில் இருந்தது. காஞ்சனா எழுந்து நின்றாள். இந்த முறை தெலுங்கு வந்தது.

"ஆமா, அவன்தான்," என்றாள். "வீடியோவுல இருக்கறது என் பிள்ளைதான். அவனுக்கு ஆட்டிசம். பேசப் பழகறதுக்காக ஒரு குழந்தைகிட்ட பேர் கேட்டான். அவ்வளவுதான். கம்பத்துல கட்டி அடிச்சாங்க. பக்கத்துல நின்னது நான். என்ன கேக்கணுமோ என்னைக் கேளுங்க."

அவள் நினைத்ததைவிட அது உரக்க வந்துவிட்டது. கண்டக்டர் திரும்பினார். முன் சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். அந்த ஆள் போனைக் கீழே இறக்கினார்.

"நான் சும்மா..." என்றார். "மூஞ்சி அதுதானான்னு பார்த்தேம்மா." கொஞ்சம் நின்றுவிட்டு, "நானும் முப்பது பேருக்கு அனுப்பினேன்," என்றார்.

"அந்த முப்பது பேருக்கும் அது பொய்னு சொல்லுங்க."

"நீயே சொல்லும்மா. நான் வீடியோ எடுத்து அனுப்பறேன்." போனை உயர்த்தினார்.

கோபி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சீட்டுக்குக் கீழே சரிந்தான். காஞ்சனா கையை நீட்டிப் போனை மறைத்தாள். "வீடியோ வேண்டாம். எழுதுங்க. தெரிஞ்சவங்களுக்கு வாயால சொல்லுங்க."

அவர் தன் சீட்டுக்குப் போய் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, ஒரு விரலால் மெதுவாகத் தட்டச்சு செய்தார். என்ன எழுதினார், யாருக்கு அனுப்பினார் என்று அவளுக்குத் தெரியாது. ரேணிகுண்டா தாண்டும்வரை அவள் நின்றுகொண்டேதான் வந்தாள். யாரும் எழுந்து வரவில்லை. ஒரு பெண் மட்டும் கோபிக்கு எட்டுகிற மாதிரி ஒரு தண்ணீர் பாட்டிலைச் சீட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கு வகுப்பில் ஒரே ஒரு சொல்தான் பாடம். வத்து. தமிழில் "வேண்டாம்" என்று அர்த்தம். ஒருவர் பிடித்தால், இழுத்தால், உங்களுக்குப் பிடிக்காததைச் செய்தால் நேராகச் சொல்ல வேண்டும் என்றாள் மேடம். அக்ஷயா முதல் முறையே போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் மாடிக்கு ஓடி வந்துவிட்டார். மற்ற அம்மாக்கள் சிரித்தார்கள். காஞ்சனாவால் சிரிக்க முடியவில்லை. கோபியின் முறை வந்தபோது மேடம் அவன் சட்டைக் கையைத் தொட்டாள். அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பதினோரு முறை முயற்சி செய்தார்கள். சத்தம் வரவேயில்லை. மேடம் அவனைத் தட்டிக்கொடுக்கப் போய், கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, "அடுத்த வாரம்," என்றாள்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் சனிக்கிழமைக் கூட்டம். மொட்டைத் தலைகளும் பைகளும் குழந்தைகளுமாக எங்கே பார்த்தாலும் ஆட்கள். ஒரு சின்னப் பெண் அவர்களை உரசிக்கொண்டு ஓடினாள். காஞ்சனா சட்டென்று மகனின் மணிக்கட்டைப் பிடித்தாள். துண்டு கட்டின இடம் அது. அவன் கடித்த காயமும் இன்னும் முழுக்க ஆறவில்லை. அவளுக்கு அது நினைவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கோபி நின்றான்.

"வேண்டாம்," என்றான். சின்னக் குரல்தான். ஆனால் கேட்டது. "அம்மா, வேண்டாம்."

அவள் அவனைப் பார்த்தாள். சுற்றிலும் இருந்த அத்தனை முகங்களையும் பார்த்தாள். அவள் விரல்கள் விடமாட்டேன் என்றன. ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். அவன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, புத்தூர் பஸ் நிற்கிற பக்கம் நடந்தான். அவள் உடனே பின்னால் போனாள், கை எட்டுகிற தூரத்திலேயே.